மூன்றாவது சிவப்பு விளக்கு

வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்குக் கார்ச் சாவி கைமாறியது.

கொடுத்தவள் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்ப்பவள். வாங்கியவன் ஹாரன். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஓயாமல் சத்தம் கொடுக்கிறான் என்று அக்கா அப்படிக் கூப்பிடப் போய், அதுவே நிலைத்துவிட்டது. அக்கா துப்பறிபவள். ஹாரனுக்கு முதலாளி. அவளுடைய சொந்த வண்டி பட்டறையில் படுத்துக் கிடந்ததால், வழக்கைக் கொண்டு வந்தவளே வண்டியும் கொடுக்க வேண்டியதாயிற்று.

"இனிமே சாப்பாடும் அவங்களே போட்டுட்டா நாம துப்பு மட்டும் கொண்டு போனா போதும் அக்கா" என்றான் ஹாரன். அக்கா சிரிக்கவில்லை. சிரிக்கும் வழக்கு அல்ல அது.

மருந்தகத்துக்காரியின் அப்பா மூன்று வாரம் முன்னால் மலைச்சாலையில் நடந்து போகும்போது வண்டி அடித்து இறந்தார். விடியற்காலை. கண்ணை மறைக்கும் பனி. அடித்த வண்டி போய்விட்டது. அந்தச் சாலையை அந்த நேரத்தில் தினமும் குறுக்கே கடப்பது ஒரு ரொட்டி வேன். அதை ஓட்டுபவன் அவளுடைய தம்பி. வேனின் முன்பக்கம் ஏற்கெனவே நசுங்கியிருந்தது. முந்தின நாள் மாலை அப்பாவும் மகனும் போட்ட சண்டை தெருக்கோடி வரை கேட்டிருந்தது. போலீஸுக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. அவனைப் பிடித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை கோர்ட்டில் நிறுத்தப் போகிறார்கள்.

"அப்பா போயாச்சு. இவனும் உள்ளே போயிட்டா, பிறந்த வீடுன்னு சொல்லிக்க எனக்கு யாரும் இல்லை மேடம்" என்றாள் அவள்.

அப்பா அடிபட்ட உடனே சாகவில்லை. ரத்தம் போய்ப் போய்த்தான் செத்தார். நேரத்துக்குக் கொண்டு வந்திருந்தால் ஒரு காலை எடுத்துவிட்டு உயிரைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். ஆஸ்பத்திரி மலைக்கு நேர் கீழே இருக்கிறது. அன்று இரவு டியூட்டி அவளுக்குத்தான்.

"நான் கீழேதான் இருந்தேன் மேடம். அவர் மேலே கிடந்திருக்கார். நான் மருந்து அடுக்கிக்கிட்டு இருந்திருக்கேன்."

யாராக இருந்தாலும் கேட்கும் கேள்வியை அக்கா அவளிடமும் கேட்டாள். அன்று காலை வீட்டில் யார், வெளியே யார்? அவள் டியூட்டி முடிந்து வாசலில் நின்றாள். கணவர் எப்போதும்போல் காரில் கூப்பிட வந்தார். மலைச்சாலையில் பனி அதிகம் என்று கீழ்ச்சாலையில் சுற்றி வந்ததால் தாமதமாகிவிட்டது. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் போன் வந்தது.

கணவர் அப்போது கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். மெல்லிய துணியால் வட்ட வட்டமாக, மூலை விடாமல் துடைத்தார். மச்சானுக்கு வக்கீல் பார்த்ததும் அவர்தான். தூங்கிப் பல நாள் ஆன முகம். அந்த வீட்டில் யார் தூங்கியிருக்க முடியும்?

"பயப்படாம ஓட்டுங்க" என்றாள் அவள் ஹாரனிடம். "முன்சக்கரத்து பிரேக் டிஸ்க், அதைப் பிடிக்கிற பேட் எல்லாம் புதுசு. அப்பா போறதுக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் மாத்தினோம். அதுக்கப்புறம் மலைச்சாலைப் பக்கம் நாங்க போகவே இல்லை. என்னால முடியலை. உங்களுக்காகத்தான் வண்டி அங்கே போகுது."

ஹாரன் தெருமுனையில் பிரேக் போட்டான். ஸ்டியரிங் உதறியது.

லேசான உதறல். கையில் ஒரு நடுக்கம், அவ்வளவுதான். காலை எடுத்ததும் நின்றுவிட்டது.

"அக்கா, வண்டிக்குக் குளிர் ஜுரம். மருந்துக்கடை வீட்டுலேயே மருந்து கொடுக்க ஆள் இல்லை."

"புது பிரேக்குன்னு சொன்னாங்களே."

"புதுசு உதறாதுன்னு சட்டமா? பட்டறையில எவனாவது நட்டைக் கோணலா முடுக்கியிருப்பான்."

ஹாரன் சொன்னால் அதில் கொஞ்சம் விஷயம் இருக்கும். அக்காவிடம் வருவதற்கு முன்னால் அவன் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இரண்டாவது பிரேக்கில் கால் வைத்தபடியே பாதி ஊருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவன். மீதி ஊர் உயிரோடு இருப்பதும் தன் காலால்தான் என்பான்.

கடைத்தெருவைத் தாண்டும்போது அவன் சட்டென்று ஒதுங்கினான். பின்னால் வந்த பஸ் இடித்துவிடும்போல் தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் அது எங்கேயோ தள்ளி வந்துகொண்டிருந்தது.

"இந்த இடது பக்கக் கண்ணாடியில எல்லாம் மூக்குமேல வந்து நிக்குது."

"கண்ணைக் காட்டிட்டு வா."

"கண்ணாடிக்கடைக்காரர் வண்டி அக்கா. எல்லாம் பெரிசாத்தான் தெரியும்."

அக்கா மறுபடியும் சிரிக்கவில்லை. மடியில் கை கோத்துச் சாலையைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அவர்கள் கையில் இருந்த துப்பு ஒன்றே ஒன்றுதான். அதையும் போலீஸ் குப்பையில் போட்டிருந்தது. முந்தின நாள் லாக்கப்பில் தம்பியைப் பார்த்தபோது அவன் சொன்னது அது. மலைச்சாலையின் பாதி வழியில் ஒரு நாற்சந்தி. ஒரு பக்கம் ரொட்டிக் கூடம், எதிர்ப்பக்கம் மாணவர் விடுதி. அவன் கூடத்திலிருந்து விடுதிக்குப் போகும்போது, சந்தியின் கீழ்ப்பக்கம், வளைவில், பனிக்குள் சிவப்பு விளக்குகள் எரிவதைப் பார்த்தான். ரொட்டியை இறக்கிவிட்டுத் திரும்பும்போதும் அவை எரிந்துகொண்டிருந்தன. எவனோ வண்டியை நிறுத்திவிட்டு போனில் பெண்டாட்டியோடு மல்லுக்கட்டுகிறான் என்று நினைத்து அவன் பாட்டுக்குப் போய்விட்டான். எத்தனை விளக்கு என்று போலீஸ் கேட்டதற்கு மூன்று என்றான். கீழே இரண்டு, நடுவில் உயரத்தில் ஒன்று. வண்டிக்கு நெற்றிக்கண்ணா என்று கேட்டுச் சிரித்தார்களாம். பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை என்றார்களாம்.

நாற்சந்தியில் அக்கா இறங்கிக்கொண்டாள். சாலை அங்கிருந்து செங்குத்தாக இறங்கி, வளைந்து, மரங்களுக்குள் மறைந்தது. அடிவாரத்தில் ஆஸ்பத்திரியின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. அவ்வளவு கிட்டத்தில்.

"நீ வளைவுக்குப் போய் நில்லு. நான் சொல்றதைச் செய்."

ஹாரன் லோ கியரில் போட்டு, பிரேக்கை அதிகம் தொடாமல் இறங்கினான். சரிவில் அப்படித்தான் இறங்க வேண்டும் என்று எத்தனையோ பேருக்குத் தொண்டை கிழியச் சொன்னவன் அவன். வளைவில் நிறுத்தி, கியரைப் பார்க்கிங்கில் போட்டு, விளக்கை எரியவிட்டான். போனில் அக்கா குரல் வந்தது.

"ரெண்டுதான் எரியுது."

"இப்போ?" அவன் பிரேக்கை மிதித்தான்.

போனில் அக்கா எண்ணுவது கேட்டது.

"மூணு. ரெண்டு கீழே, ஒண்ணு மேலே."

"அதுதான் அக்கா நெற்றிக்கண். பின்கண்ணாடி உச்சியில இருக்கும். பிரேக்ல கால் வச்சாத்தான் திறக்கும், எடுத்தா மூடிக்கும். போலீஸ் ஜீப்புல அது உடைஞ்சிருக்கும், பாவம், அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பார்க்கிங்ல இருந்து எடு. மிதிச்சுக்கிட்டே இரு."

அவன் எடுத்தான். ஆட்டோமேட்டிக் வண்டி. காலைத் தூக்கினால் தானாக நகரும். அவன் மிதித்தபடி உட்கார்ந்திருந்தான். எதிரே சாலை ஓரத்துத் தடுப்புக் கல். மூன்று வாரம் ஆகியும் அதன் அடியில் கறை முழுதாகப் போகவில்லை. அது பானெட்டுக்கு இடது முன்னால், கை நீட்டினால் எட்டிவிடும் தூரத்தில் இருந்தது. பெரியவர் அங்கேதான் சாய்ந்து கிடந்தார். இங்கே உட்கார்ந்தால் வேறு எதையும் பார்க்க முடியாது.

கெண்டைக்கால் வலிக்கத் தொடங்கியது.

"தம்பி பொய் சொல்லலை" என்றது அக்கா குரல். "போகும்போதும் மூணு, வரும்போதும் மூணு. அவன் ரொட்டி இறக்கி முடிக்கிற வரைக்கும் இங்கே ஒருத்தன் பிரேக்ல கால் வச்சுக்கிட்டே உட்கார்ந்திருக்கான். இறங்கிப் பார்த்திருந்தா பார்க்கிங்ல போட்டிருப்பான். மேல் விளக்கு அணைஞ்சிருக்கும். அவன் இறங்கவே இல்லை, ஹாரன்."

"அக்கா, போதுமா? இந்தச் சரிவுல இப்படி மிதிச்சுக்கிட்டே நிக்கறது எனக்குப் பிடிக்காத வேலை. நான் லோ கியர்ல வந்ததால பரவாயில்லை. பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்கி வந்து, டிஸ்க் கொதிக்கும்போது காலை எடுக்காம நின்னா அவ்வளவுதான். பேடு டிஸ்க்ல ஒட்டி அச்சு மாதிரி பதிஞ்சிடும். புதுசா இருந்தா கேட்கவே வேண்டாம். அப்புறம் எப்பப் பிரேக் போட்டாலும்..."

அவன் நிறுத்தினான்.

"அப்புறம்?"

ஹாரன் கியரைப் பார்க்கிங்கில் போட்டான். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தான்.

"ஸ்டியரிங் உதறும்" என்றான்.

அக்கா இறங்கி வந்து சேரும்வரை அவன் வண்டிக்கு வெளியே நின்றான். உள்ளே உட்காரப் பிடிக்கவில்லை.

"ஊர்ல உதறுற வண்டி எத்தனை இருக்கும்?" அக்கா கேட்டாள்.

"எக்கச்சக்கம். நாலுல ஒண்ணு உதறும்."

"அப்போ இதுதான்னு சொல்லாதே. இது இல்லைன்னு எனக்குக் காட்டு. உன்னால முடிஞ்ச வரைக்கும் பாரு."

அவனுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. உதறலுக்குக் காரணம் எத்தனையோ உண்டு. அவற்றில் ஒன்று மாட்டினால் போதும், வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். அடிவாரம் வரை ஓட்டிப் போனான். கீழ்ச்சாலை மேசை மாதிரி சமமாகக் கிடந்தது. வேகம் எடுத்து, பிரேக்கைத் தொடாமல் விட்டான். ஸ்டியரிங் அசையவில்லை. டயரில் கோளாறு என்றால் பிரேக் போட்டாலும் போடாவிட்டாலும் உதறும். டயர் இல்லை. பிரேக் போட்டான். உதறியது. அக்காவிடம் சீட் ஆடுகிறதா என்றான். இல்லை என்றாள். சீட் ஆடினால் பின்சக்கரம், கையில் தெரிந்தால் முன்சக்கரம்.

சாலையோரம் நிறுத்தி இரண்டு முன்சக்கரத்தின் பக்கமும் கையைக் கொண்டுபோனான். ஒன்று மட்டும் அனலடித்தால் அந்தப் பக்கத்து பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இரண்டிலும் ஒரே சூடு. ஸ்பேனரை எடுத்து நட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டான். எல்லாம் ஒரே இறுக்கம். பட்டறைக்காரன் ஒழுங்கானவன். ஹாரனுக்கு அவன் மேல் கோபம் வந்தது.

ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றினான். டிஸ்க் புதுப் பாத்திரம்போல் மின்னியது. அவன் கையால் சுற்றினான். மின்னிக்கொண்டே வந்த இடத்தில் ஒரு கறுத்த திட்டு வந்து நின்றது. பேட் அளவு. பேட் வடிவம். ரப்பர் ஸ்டாம்பு குத்தியதுபோல் ஓரம்கூடத் தெளிவாக இருந்தது.

"அடுத்த பக்கம்" என்றாள் அக்கா.

அடுத்த பக்கத்திலும் அதே.

"ஒரு பக்கம்னா மெஷின்" என்றான் ஹாரன். "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரின்னா..." சொல்லத் தேவையில்லை. கால்.

இன்றைக்கு முன்னால் மலைச்சாலையில் இந்த டிஸ்க் இறங்கியது ஒரே ஒரு முறைதான் இருக்க முடியும். மாற்றியது முந்தின நாள் மாலை. அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை என்று அவளே சொல்லியிருந்தாள். கீழ்ச்சாலையில் எத்தனை சுற்றினாலும் டிஸ்க் இப்படிக் கொதிக்காது. கீழ்ச்சாலையில் வந்தேன் என்றவர் மலையில் இறங்கியிருக்கிறார்.

ஹாரன் சக்கரத்தை மாட்டிக்கொண்டே இன்னும் ஒரு வழி தேடினான். ஆளை அடித்த வண்டி என்றால் அடையாளம் இருக்காதா? கீறல்கூட இல்லையே. பெரியவர் ஓரமாக நடந்தவர். இடித்தது வண்டியின் மூஞ்சியாக இருக்க வேண்டியதில்லை. பக்கவாட்டில் ஒரு தட்டுப் போதும், தடுப்புக் கல்லில் விழுந்து கால் கிழிந்துவிடும்.

அக்கா இடது பக்கக் கண்ணாடிக்கு முன்னால் குனிந்து நின்றிருந்தாள்.

"இதுல எல்லாம் கிட்டத்துல தெரியுதுன்னு சொன்னியே. ஏன்?"

"கம்பெனிக் கண்ணாடி லேசாப் புடைச்சிருக்கும் அக்கா. எல்லாத்தையும் சின்னதா, தள்ளிக் காட்டும். இது தட்டை. பழசு உடைஞ்சு, யாரோ வேற கண்ணாடியை வெட்டி ஒட்டி..."

அக்கா தன் சட்டமில்லாத மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். அதன் ஓரத்தைக் கட்டை விரலால் ஒரு சுற்றுத் தடவினாள். பிறகு காரின் பக்கக் கண்ணாடியைச் சட்டத்திலிருந்து நெம்பி எடுத்து, அதன் ஓரத்தைத் தடவினாள். அவனையும் தடவிப் பார்க்கச் சொன்னாள். இரண்டும் ஒன்றுபோல் வழுவழுவென்று இருந்தன. சாதாரணமாக வெட்டி ஒட்டிய கண்ணாடி என்றால் ஓரம் விரலைக் கிழிக்கும். இதன் ஓரத்தைச் சாணை பிடித்து மழுக்கியிருந்தார்கள். ஓரம் சட்டத்துக்குள் போய்விடும், யாரும் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் மழுக்கியிருந்தார்கள். பல வருஷமாகக் கண்ணாடி வெட்டும் கை, ஓரத்தை அப்படியே விட மனம் வராத கை.

"ஓட்டத் தெரியாதவனுக்கு ஒரு பிரேக்கை நான் போட்டுடுவேன் அக்கா" என்றான் ஹாரன். அவன் குரலில் சத்தம் இல்லை. "போட்ட பிரேக்ல இருந்து காலை எடுத்து இறங்கத் தெரியாதவனுக்கு என்ன பண்றது?"

அக்கா போலீஸுக்கு போன் செய்தாள். மருந்தகத்துக்காரியின் வீட்டுக்கு அரை மணியில் வருவதாகச் சொன்னார்கள். அதற்குள் அவளிடம் யார் சொல்வது என்று ஹாரன் கேட்டான். தம்பியைக் காப்பாற்றித் தருகிறேன் என்று சொல்லியாயிற்று. அதற்கு அவள் என்ன கொடுக்கப் போகிறாள் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

"நான்தான் சொல்லணும்" என்றாள் அக்கா.

திரும்பும்போது ஹாரன் கீழ்ச்சாலையில் ஓட்டினான். ஒவ்வொரு திருப்பத்திலும் ஸ்டியரிங் உதறியது.

அவள்தான் கதவைத் திறந்தாள். வந்தவர்களைப் பார்த்ததும் ஏதோ நல்லது என்று நினைத்துவிட்டாள். உள்ளே கணவர் மேசைமேல் ஒரு மூக்குக்கண்ணாடியின் திருகை முடுக்கிக்கொண்டிருந்தார். அக்கா உட்காரவில்லை. தம்பி நாளை வீட்டுக்கு வந்துவிடுவான் என்றாள் முதலில். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடிக்கும்வரை அக்கா காத்திருந்தாள்.

பிறகு ஹாரன் சாவியை மேசைமேல் வைத்தான்.

"சார், பிரேக் போட்டா ஸ்டியரிங் உதறுது."

"டயர்" என்றார் அவர். யோசிக்கக்கூட இல்லை. "காத்துக் கம்மியா இருக்கும்."

"டயர்னா பிரேக் போடாதப்பவும் உதறும் சார். நான் போடாம ஓட்டிப் பார்த்தேன்."

அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். அக்கா சொல்ல ஆரம்பித்தாள். மூன்று விளக்கு, டிஸ்க்கில் இருந்த அச்சு, தட்டைக் கண்ணாடி, அதன் ஓரம். நீட்டாமல், குரலை உயர்த்தாமல் சொன்னாள். சாணை என்ற சொல் வந்தபோது அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார்.

மருந்தகத்துக்காரி அழுகையைத் துடைக்காமலே நின்றாள். அவள் கணவரைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த சாவியைப் பார்த்தாள்.

"அன்னைக்கு என்னைக் கூட்டிட்டு வரும்போதும் ஆடிச்சு" என்றாள் மெதுவாக. "ஏன் இப்படி ஆடுதுன்னு கேட்டேன். காத்துக் கம்மின்னு சொன்னீங்க."

அவர் விரல்களிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார். பனிக்குள் சட்டென்று ஓரத்தில் தெரிந்தது யார் என்று முதலில் தெரியவில்லையாம். நின்ற பிறகுதான் தெரிந்ததாம்.

"மாமா கையைத் தூக்கினார். என்னைத்தான் பார்த்தார். காலை எடுத்தா வண்டி அவர் மேல ஏறிடும்னு... எடுக்க முடியலை. அப்புறம் கை கீழே போயிடுச்சு."

வாசலில் ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஹாரன் கதவுப் பக்கம் போனான், திறக்கவில்லை.

அவள் கணவரிடம் ஓரடி கிட்டே வந்தாள். வழி கேட்பவளைப்போல், சாதாரணமாகக் கேட்டாள்.

"நீங்க ஆஸ்பத்திரிக்குத்தானே வந்துக்கிட்டு இருந்தீங்க?"